ஜட்ஜின் மறுப்பு விகிதம் 82 சதவீதமா? அமெரிக்க அசைலம் கேஸ்களில் அந்த எண்ணைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அசைலம், அதாவது அடைக்கலம், கேட்ட கேஸ் எந்த ஜட்ஜிடம் போயிருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. யாராவது ஒருவர் போனில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பார். "மறுப்பு 82 சதவீதம்" என்று வரும். அதோடு ஆள் பாதி உடைந்துபோவார். பக்கத்து வீட்டுக்காரரின் ஜட்ஜுக்கு 30 சதவீதம்தான் என்றால் இன்னும் மோசம்.

அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது சொல்வதாக நாம் நினைப்பதும் அது உண்மையில் சொல்வதும் வேறு. 82 சதவீத மறுப்பு என்றால் உங்கள் கேஸ் தோற்க 82 சதவீத வாய்ப்பு என்று பொருளில்லை. அந்த ஜட்ஜ் முன் இதுவரை வந்தவர்களில், ஒரு குறிப்பிட்ட முறையில் எண்ணியபோது, அத்தனை பேர் தோற்றார்கள். அவ்வளவுதான். யார் வந்தார்கள், எப்படி எண்ணினார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் அந்த எண்ணை வைத்து அழவும் கூடாது, கொண்டாடவும் கூடாது.

இது பொதுவான விளக்கம்தான், சட்ட ஆலோசனை இல்லை. உங்கள் கேஸுக்கு உங்கள் லாயர்தான்.

முதலில், இந்த ஜட்ஜ் யார்?

குடிவரவு நீதிபதி என்பவர் நாம் வழக்கமாக நினைக்கிற நீதிபதி இல்லை. அமெரிக்க நீதித்துறை அமைச்சகத்தின் கீழ் 1983-ல் உருவான ஈஓஐஆர் என்ற அலுவலகத்தில் வேலை பார்க்கும் அரசு ஊழியர். நியமிப்பவர் அந்த அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல். ஃபெடரல் கோர்ட் நீதிபதிகளுக்கு இருக்கும் ஆயுட்காலப் பாதுகாப்பு இவர்களுக்குக் கிடையாது. அட்டர்னி ஜெனரல் ஒரு தீர்ப்பை எழுதினால் இவர்கள் எல்லாரும் அதைப் பின்பற்றியாக வேண்டும்.

விகிதங்கள் ஆட்சிக்கு ஆட்சி ஏறி இறங்குவதற்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது. 2018 ஜூனில் ஒரு அட்டர்னி ஜெனரல் வெளியிட்ட தீர்ப்பால் குடும்ப வன்முறையையும் குண்டர் கும்பல்களையும் காரணமாகக் காட்டிய கேஸ்கள் மிகவும் கடினமாயின. 2021 ஜூனில் இன்னொருவர் அதை நீக்கினார். 2018 அக்டோபரிலிருந்து ஒரு ஜட்ஜ் ஆண்டுக்கு 700 கேஸ் முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 2021-ல் அதுவும் போனது. ஜட்ஜ் அதே ஆள்தான், அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குக் கீழே தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது.

படி 1: பெயரை உறுதி செய்யுங்கள்

உங்கள் ஏ நம்பர், அதாவது குடிவரவுத் துறை உங்களுக்குக் கொடுத்த அடையாள எண், 9 இலக்கம் கொண்டது. அதை வைத்து ஈஓஐஆரின் இணையதளத்திலோ, 1-800-898-7180 என்ற தானியங்கி எண்ணிலோ அடுத்த ஹியரிங் தேதி, கோர்ட், ஜட்ஜின் பெயர் மூன்றையும் பார்க்கலாம். பழைய நோட்டீஸில் இருக்கும் பெயரை நம்பி உட்காராதீர்கள். ஜட்ஜ் ஓய்வு பெறுவார், மாற்றலாவார், கேஸ் வேறு பட்டியலுக்குப் போகும். 2025-ல் நூற்றுக்கு மேற்பட்ட ஜட்ஜுகள் நீக்கப்பட்டும் விலகியும் போனார்கள். அவர்களிடம் இருந்த கேஸ்கள் எல்லாம் கை மாறின. மூன்று வருடம் ஒரு ஜட்ஜின் விகிதத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்து, கடைசியில் வேறொருவர் முன் போய் நின்றவர்கள் உண்டு. மாதம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

படி 2: எண் எங்கிருந்து வருகிறது

பெரும்பாலும் ட்ராக் என்ற ஆய்வு அமைப்பிலிருந்து. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1989-ல் தொடங்கியது. தகவல் அறியும் சட்டத்தின் மூலம் கோர்ட்டின் கேஸ் பதிவுகளை வாங்கி, ஜட்ஜ் வாரியாகப் பிரித்து வெளியிடுகிறார்கள். குறிப்பிட்ட காலத்தில் குறைந்தது 100 அசைலம் கேஸையாவது தீர்த்த ஜட்ஜுகளுக்குத்தான் தனி அறிக்கை இருக்கும். உங்கள் ஜட்ஜின் பெயர் அங்கே இல்லையென்றால் பெரும்பாலும் அவர் புதியவர்.

இரண்டாவது ஊற்று ஈஓஐஆரே வெளியிடும் புள்ளிவிவரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும். ஒன்றில் அனுமதி விகிதம் அதிகம், மற்றதில் பாதிதான். யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தோன்றும். யாரும் பொய் சொல்லவில்லை. காரணம் அடுத்த படியில்.

படி 3: எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. ஒரு கோர்ட்டில் 100 அசைலம் கேஸ் முடிகிறது. 20 பேருக்கு அனுமதி. 30 பேருக்கு மறுப்பு. மீதி 50 பேருக்குத் தீர்ப்பே இல்லை: சிலர் மனுவைத் திரும்பப் பெற்றார்கள், சிலர் வேறு வழியில் விசா வாங்கிவிட்டார்கள், சிலர் வரவேயில்லை, சில கேஸ்களை அரசுத் தரப்பே முடித்துக்கொண்டது.

தீர்ப்பு வந்த 50-ஐ மட்டும் எடுத்தால் அனுமதி 20/50, அதாவது 40 சதவீதம். மறுப்பு 60. நூறையும் எடுத்தால் அனுமதி 20 சதவீதம்தான். ட்ராக்கின் ஜட்ஜ் அறிக்கை முதல் முறையில் நடக்கிறது, தகுதி பார்த்துத் தீர்த்த கேஸ்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஈஓஐஆரின் அட்டவணையில் "மற்றவை" என்ற பெரிய கட்டமும் வகுக்கும் எண்ணுக்குள் வந்துவிடும். அரசியல்வாதி ஒருவர் டிவியில் "நூற்றில் இத்தனை பேருக்குத்தான் அசைலம் கிடைக்கிறது, மற்றவர்கள் எல்லாம் பொய்" என்று சொன்னால், அவர் எதால் வகுத்தார் என்று பாருங்கள். தீர்ப்பு வராதவரை எல்லாம் தோற்றவர் கணக்கில் சேர்ப்பது பழைய வித்தை.

இன்னொன்று. அசைலம் கிடைக்காதவருக்கு 'வித்ஹோல்டிங்' கிடைக்கலாம். நாட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், ஆனால் கிரீன் கார்டுக்கு வழியில்லை, குடும்பத்தைக் கூப்பிடவும் முடியாது. அதற்குத் தேவையான நிரூபணமும் அதிகம். அசைலத்துக்குப் பத்தில் ஒரு வாய்ப்பளவு ஆபத்து இருந்தாலே நியாயமான பயமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1987-ல் சொன்னது. வித்ஹோல்டிங்குக்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு என்று காட்ட வேண்டும். ட்ராக்கின் புதிய அறிக்கைகளில் இப்படிப்பட்ட மற்ற நிவாரணங்களையும் சேர்த்துத்தான் அனுமதிச் சதவீதம் சொல்கிறார்கள். ஆகவே "அனுமதி" என்று பார்த்தவுடன் அத்தனையும் அசைலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 4: அவர் முன் யார் வருகிறார்கள்

இன்னொரு கணக்கு. இரண்டு ஜட்ஜுகள், ஆளுக்கு 250 கேஸ். இருவரும் ஒரே மனசு, ஒரே கை. தடுப்புக்காவலில் இருந்து, லாயர் இல்லாமல் வருகிறவர்களில் இருவருமே 10 சதவீதம் பேருக்குக் கொடுக்கிறார்கள். வெளியில் இருந்து, லாயரோடு வருகிறவர்களில் இருவருமே 50 சதவீதம்.

முதல் ஜட்ஜிடம் வருவது 200 தடுப்புக்காவல் கேஸ், 50 வெளிக் கேஸ். 20 + 25 = 45 அனுமதி. மறுப்பு 82 சதவீதம்.

இரண்டாவது ஜட்ஜிடம் தலைகீழ்: 50 தடுப்புக்காவல், 200 வெளி. 5 + 100 = 105 அனுமதி. மறுப்பு 58 சதவீதம்.

தாளில் பார்த்தால் ஒருவர் அரக்கர், மற்றவர் தெய்வம். உண்மையில் ஒரே கேஸை இருவரிடமும் கொடுத்தால் ஒரே தீர்ப்பு வரும்.

இதனால்தான் ஜார்ஜியாவின் லம்ப்கின், லூசியானாவின் ஜீனா, அரிசோனாவின் எலோய் போன்ற தடுப்பு மையங்களை ஒட்டிய கோர்ட்களின் எண்களை நியூயார்க் எண்களோடு அப்படியே ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. உள்ளே இருப்பவருக்குச் சாட்சி தேட நேரமில்லை, ஊரிலிருந்து காகிதம் வரவழைக்க வழியில்லை. நியூயார்க்குக்குள்ளேயே வேறுபாடு உண்டு: வாரிக் தெரு கோர்ட்டில் நெடுங்காலமாக நடந்து வந்தவை தடுப்புக்காவல் கேஸ்கள், 26 ஃபெடரல் பிளாசா கோர்ட்டில் பெரும்பாலும் வெளிக் கேஸ்கள்.

லாயர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. இது சிவில் வழக்கு என்பதால் அரசு செலவில் லாயர் கிடையாது. 2007-ல் ஸ்டான்ஃபோர்ட் சட்ட இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வில், லாயரோடு வந்தவர்களில் 45.6 சதவீதம் பேர் வென்றார்கள், இல்லாமல் வந்தவர்களில் 16.3 சதவீதம். நல்ல கேஸைத்தான் லாயர்கள் எடுப்பார்கள் என்பதும் இதில் கலந்திருக்கிறது, ஆகவே இடைவெளி முழுவதும் லாயரின் திறமை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இந்த இடைவெளியைச் சும்மா தள்ளிவிட முடியாது.

படி 5: அதே கட்டிடத்துக்குள் ஒப்பிடுங்கள்

அப்படியானால் ஜட்ஜுக்கு ஜட்ஜ் வித்தியாசமே இல்லையா? நிச்சயம் உண்டு. அதே 2007 ஆய்வு, மயாமி கோர்ட்டில் கொலம்பியாவிலிருந்து வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தது. ஒரு ஜட்ஜிடம் வெற்றி வாய்ப்பு 5 சதவீதம். அதே கோர்ட்டில் இன்னொருவரிடம் 88 சதவீதம். ஒரே நாட்டுக்காரர்கள், ஒரே கோர்ட், கேஸ்களும் பொதுவாகக் குலுக்கல் மாதிரிதான் பிரிகின்றன. இந்த அளவு இடைவெளியை ஆட்கள் கலவையால் விளக்க முடியாது. அது ஜட்ஜின் கை.

உங்கள் ஜட்ஜின் எண்ணை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதும் இதிலேயே இருக்கிறது. தேசிய சராசரியோடு அல்ல, அதே கோர்ட்டில், அதே மாதிரிப் பட்டியல் பார்க்கும் மற்ற ஜட்ஜுகளோடு. ட்ராக் அறிக்கையில் ஜட்ஜ், கோர்ட், தேசம் மூன்றுமே இருக்கும். அட்லாண்டா, ஹூஸ்டன் இரண்டும் நெடுங்காலமாக மறுப்பு அதிகமான கோர்ட்கள். சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் எதிர்ப்பக்கம். அட்லாண்டாவில் 82 என்பது சாதாரணமாக இருக்கலாம், நியூயார்க்கில் 82 என்றால் லாயரை உட்காரவைத்துப் பேச வேண்டும்.

ஊருக்கு ஊர் சட்டமே கொஞ்சம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. சான் பிரான்சிஸ்கோ ஜட்ஜ் ஒன்பதாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டுக் கோர்ட்டின் தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டவர், ஹூஸ்டன் ஜட்ஜ் ஐந்தாவதுக்கு, அட்லாண்டா ஜட்ஜ் பதினொன்றாவதுக்கு.

படி 6: எத்தனை கேஸ், எந்த வருடம்

100 கேஸில் 70 மறுப்பு என்றால், தற்செயல் ஆட்டமே மேலும் கீழும் சுமார் 9 புள்ளி இருக்கும். ஆகவே 70-க்கும் 64-க்கும் வித்தியாசம் பார்த்து மகிழ்வதோ வருந்துவதோ வீண். அந்த ஜட்ஜிடம் வந்த இலங்கைக்காரர்கள் 20 பேர்தான் என்றால் ஆட்டம் 20 புள்ளிக்குப் போய்விடும். "நம்மாட்கள் மூன்று பேர் போனார்கள், மூன்று பேருக்கும் இல்லை என்றுவிட்டார்" என்ற கோயில் மண்டபத்துச் செய்தியைப் புள்ளிவிவரமாக எடுக்காதீர்கள்.

வருடத்தையும் பாருங்கள். அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். தேசிய மறுப்பு 2012 நிதியாண்டில் 42 சதவீதம், 2018-ல் 65, 2020-ல் 71-க்கு மேல், 2021-ல் 63. ட்ராக்கின் ஜட்ஜ் அறிக்கை ஆறேழு வருடங்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். முதல் மூன்று வருடம் ஒரு ஆட்சி, அடுத்த மூன்று இன்னொன்று என்றால், வருகிற எண் இரண்டுக்கும் பொருந்தாத கூட்டுக்கஞ்சி. அறிக்கையில் ஆண்டு வாரியான வரைபடம் இருந்தால் கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் பாருங்கள்.

அண்மை மாற்றங்கள் எண்ணில் ஏறுவதற்கு நேரம் பிடிக்கும். 2025 ஏப்ரலில் ஈஓஐஆர் ஒரு சுற்றறிக்கை விட்டது: சட்டப்படி குறை இருக்கும் அசைலம் மனுவை முழு ஹியரிங் வைக்காமலே ஜட்ஜ் தள்ளிவிடலாம். அப்படியானால் இப்போதெல்லாம் ஐ-589 என்ற அசைலம் மனுப் படிவத்தை எப்படி நிரப்பினீர்கள் என்பதே முதல் ஹியரிங் மாதிரி.

படி 7: எண்ணுக்குள் வராதவை

தமிழர்களுக்கு இது நேரடியாகப் படும் இடம். எல்லையில் பிடிபட்டவருக்கு முதலில் நடப்பது 'நம்பத்தகுந்த பயம்' நேர்காணல். அதில் தோற்றால் ஒரு குடிவரவு ஜட்ஜ் சரிபார்ப்பார். அந்த முடிவு அசைலம் மறுப்பு விகிதத்தில் சேராது.

2017-ல் கலிபோர்னியாவின் சான் இசிட்ரோ அருகே எல்லை தாண்டிய உடனே பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. ஆட்கள் தன்னை வேனில் கடத்திப்போய் அடித்ததாகச் சொன்னார். அதிகாரி அவர் சொன்னதை நம்பினார், ஆனால் ஏன் அடித்தார்கள் என்ற காரணம் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்றார். ஜட்ஜும் அதையே உறுதி செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த முடிவை ஃபெடரல் கோர்ட்டில் எதிர்க்க அவருக்கு வழியில்லை என்று 2020 ஜூனில் 7-க்கு 2 என்ற கணக்கில் முடிந்தது. துரைசிங்கம் வழக்கு என்று இன்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். இவ்வளவு பெரிய தோல்வி, ஆனால் அந்த ஜட்ஜின் மறுப்பு விகிதத்தில் ஒரு புள்ளிகூட ஏறியிருக்காது.

ஜாமீன் முடிவுகளும் தனிக் கணக்கு.

இன்னொன்று, எண்ணுக்குள் வந்தாலும் ஜட்ஜின் மனசைக் காட்டாதது: விடுதலைப் புலிகள் 1997-லிருந்து அமெரிக்காவின் பயங்கரவாத அமைப்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அப்படி ஓர் அமைப்புக்குப் பொருள் உதவி செய்தவருக்கு அசைலம் தடை. மிரட்டிக் கொடுக்க வைத்தார்கள் என்றாலும் தடை தானாக விலகாது, விலக்கு கொடுக்கும் அதிகாரம் ஜட்ஜிடம் இல்லை. எவ்வளவு இரக்கமுள்ள ஜட்ஜாக இருந்தாலும் அங்கே கை கட்டிவிடும்.

இது கோர்ட்டில் எப்படி வெடிக்கும் என்றால், வன்னியில் எல்லாரும் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தில்: "இயக்கத்துக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள்." யார் கொடுத்தது, எத்தனை தரம், மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எதுவும் இல்லாமல் அது ஒரே வரியாக மொழிபெயர்ந்து பதிவில் ஏறும். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. ஹியரிங்குக்கு மாதங்கள் முன்பே லாயரிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள், அவர் முதல் தடவையாக அதைக் கோர்ட்டில் கேட்கக் கூடாது.

படி 8: எண்ணை வைத்து என்ன செய்வது

ஜட்ஜை மாற்ற முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். விகிதத்தைக் காட்டி மாற்ற முடியாது. உண்மையிலேயே வேறு ஊருக்குக் குடிபோனால் கோர்ட் மாற்றம் கேட்கலாம், ஜட்ஜ் ஒத்துக்கொள்ள வேண்டும். உறவினர் வீட்டு முகவரியைப் பொய்யாகக் கொடுத்து நியூயார்க்குக்கு மாற்றுவது என்ற யோசனை உங்கள் நம்பகத்தன்மையை நீங்களே குழி தோண்டிப் புதைப்பது.

செய்யக்கூடியது வேறு. மறுப்பு அதிகமான ஜட்ஜ் எதைச் சொல்லி மறுக்கிறார் என்று கண்டுபிடியுங்கள். சிலர் ஒரு வருடக் கெடுவில் கறார்: வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போடாதவருக்கு விதிவிலக்குகள் இருந்தாலும் எளிதில் தர மாட்டார்கள். சிலர் நம்பகத்தன்மையில் பிடிப்பார்கள். 2005-ம் ஆண்டுச் சட்டப்படி, கேஸின் மையத்தைத் தொடாத சின்ன முரண்பாட்டை வைத்துக்கூட நம்பவில்லை என்று சொல்லலாம். இந்தத் தகவல் எந்த அட்டவணையிலும் இருக்காது. அந்த ஜட்ஜ் முன் அடிக்கடி நிற்கும் லாயருக்குத் தெரியும். "இவரிடம் நீங்கள் எத்தனை கேஸ் நடத்தியிருக்கிறீர்கள், தோற்றது எதனால்?" என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அதுவும் ஒரு தகவல். மாஸ்டர் ஹியரிங் எனப்படும் ஆரம்பக்கட்ட ஹியரிங்குகள் பொதுவாக எல்லாருக்கும் திறந்தவை, ஒரு காலை போய் உட்கார்ந்து ஜட்ஜ் எப்படிப் பேசுகிறார் என்றும் பார்க்கலாம்.

முரண்பாடு என்றதும் தமிழர்கள் உடனே பார்க்க வேண்டியது பெயர். அடையாள அட்டையில் அப்பா பெயர் முன்னால், பாஸ்போர்ட்டில் பின்னால், பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். ஒரே ஆள் மூன்று காகிதத்தில் மூன்று பேர். ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒவ்வொன்றிலும் வேறு. நமக்கு இது சிரிப்பு, ஊர் தெரியாத ஜட்ஜுக்கு இது சந்தேகம். தமிழ்ப் பெயர் வழக்கத்தை விளக்கும் ஒரு பக்க வாக்குமூலத்தை முன்கூட்டியே கோப்பில் சேர்த்துவிட்டால் அந்தக் கேள்வி எழும்போதே பதில் இருக்கும்.

மொழிபெயர்ப்பாளரையும் கவனியுங்கள். சென்னைத் தமிழ் மட்டும் பழகியவருக்கு யாழ்ப்பாணப் பேச்சு சில இடத்தில் தட்டும். "கம்பஸ்" என்றால் பல்கலைக்கழகம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். புரியவில்லை, தவறாகச் சொன்னார் என்று தோன்றினால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். ஹியரிங் ஒலிப்பதிவாகிறது, மேல்முறையீட்டில் படிக்கப்படுவது அந்தப் பதிவுதான். பிறகு வீட்டில் போய்ச் சொல்வதால் பயனில்லை.

கடைசியாக, 82 சதவீத ஜட்ஜ் என்று உறுதியாகத் தெரிந்தால், முதல் நாளிலிருந்தே மேல்முறையீட்டை மனத்தில் வைத்துக் கோப்பைக் கட்டச் சொல்லுங்கள்: ஒவ்வொரு ஆவணமும் பதிவில் ஏற வேண்டும், மறுக்கப்பட்ட ஒவ்வொரு சாட்சிக்கும் ஆட்சேபம் பதிவாக வேண்டும். தீர்ப்பு வாசித்து முடிந்ததும் ஜட்ஜ், மேல்முறையீட்டு உரிமையை வைத்துக்கொள்கிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா என்று கேட்பார். அழுகையிலும் களைப்பிலும் "போதும்" என்று தலையாட்டிவிடாதீர்கள். "வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மேல்முறையீட்டுக்கு எந்தத் தேதி கடைசி என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வெளியே வாருங்கள்.